அறுக்கும் கைக்கு உரிமை எங்கிருந்து வருகிறது?

செகந்திராபாதுக்கு வடகிழக்கே இருக்கும் சைனிக்புரி, ராணுவத்தில் பணியாற்றி ஓய்வுபெற்றவர்களுக்காக எழுந்த குடியிருப்பு. தோட்டம் வைத்த வீடுகள், மரம் கவிந்த தெருக்கள், மாலையில் நடை பழகும் முதியவர்கள். அந்தத் தெருக்களில் நடக்கும் ஒவ்வொருவரும், உலகில் மற்ற எல்லாரையும் போலவே, நாள்தோறும் நூற்றுக்கணக்கான பூஞ்சை வித்துகளை மூச்சோடு உள்ளிழுக்கிறார்கள். ஆஸ்பர்ஜில்லஸ் என்னும் அந்தப் பூஞ்சை மக்கிய இலையிலும் எருவிலும் ஈரம் ஏறிய சுவரிலும் வாழ்கிறது. அதன் வித்து இரண்டு மூன்று மைக்ரான் அளவே இருப்பதால் நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போய்விடும். ஆரோக்கியமான உடம்பு அதைச் சத்தமில்லாமல் அழித்துவிடுகிறது. பெரும்பாலானோர் ஆயுள் முழுக்க அதன் பெயரைக்கூடக் கேள்விப்படுவதில்லை.

சிக்கல் வருவது ஏற்கெனவே நொந்துபோன நுரையீரலில். இருபது வயதில் ஒருவருக்குக் காசநோய் வந்து, மருந்தில் குணமாகி, நுரையீரலின் மேல்பகுதியில் ஒரு குழி மிஞ்சியது என்று வைத்துக்கொள்வோம். கிருமி செத்துவிட்டது, குழி மட்டும் நிற்கிறது. அதற்குள் போகும் வித்தைத் துரத்த அங்கே ஆளில்லை. அது முளைக்கிறது, இழை விடுகிறது. இழையும் சளியும் செத்த செல்களும் திரண்டு பந்தாகின்றன. நோயாளி மல்லாந்து படுத்திருக்கும்போது ஒரு ஸ்கேனும் குப்புறப் படுத்திருக்கும்போது இன்னொன்றும் எடுத்தால், பல நேரம் அந்தப் பந்து குழிக்குள் இடம் மாறிக் கிடப்பதைக் காணலாம். 1960களின் இறுதியில் பிரிட்டனில், காசநோய்க்குப் பின் இரண்டரை சென்டிமீட்டருக்குக் குறையாத குழியோடு இருந்த 544 பேரை ஆராய்ந்தார்கள். பத்தில் ஒருவருக்கு மேல் இப்படிப்பட்ட பந்து இருந்தது. சில ஆண்டுகள் கழித்து அதே ஆட்களைப் பார்த்தபோது எண்ணிக்கை இன்னும் கூடியிருந்தது.

பந்து சிலரிடம் எந்தத் தொந்தரவும் தராமல் பல வருடம் கிடக்கும். சிலருக்கு இருமலில் ரத்தக் கோடு தெரியும். வேறு சிலருக்கு ஒரு நாள் திடீரென்று வாய் நிறைய ரத்தம் வரும். குழியின் சுவரில் வீங்கிப் புடைத்த ரத்தக்குழாய்கள் ஓடுவதால், ஒன்று கிழிந்தால் அந்த ரத்தம் மூச்சுக்குழாயிலேயே இறங்கி நல்ல நுரையீரலையும் நிரப்பிவிடும். இப்படிச் சாகிறவர்கள் ரத்தம் இழந்து சாவதைவிட மூச்சு முட்டிச் சாவதே அதிகம். மருந்து இங்கே அரைகுறையாகவே உதவுகிறது. பந்துக்குள் ரத்த ஓட்டம் கிடையாது, மருந்து அதன் நடுவரை போய்ச் சேராது. கசியும் ரத்தக்குழாயை உள்ளிருந்தே அடைக்கும் சிகிச்சை உண்டு. அது உயிரைக் காக்கும், ஆனால் பலருக்கு மாதங்களிலோ வருடங்களிலோ ரத்தம் திரும்புகிறது. முழுத் தீர்வு என்றால், குழியையும் பந்தையும் அவை இருக்கும் நுரையீரல் மடலோடு சேர்த்து அறுத்தெடுப்பதுதான்.

வலது நுரையீரலுக்கு மூன்று மடல்கள், இடதுக்கு இரண்டு. எடுத்த மடல் திரும்ப முளைக்காது. இந்த ஒரு விஷயம்தான் மருத்துவக் கேள்வியை அறக்கேள்வியாகவும் மாற்றுகிறது. இன்று நடந்து போகிற, பேசுகிற, சாப்பிடுகிற ஒரு மனிதரின் நெஞ்சைத் திறந்து, திருப்பித் தரவே முடியாத ஒன்றை எடுக்கிறோம். நாளை அவருக்கு வரக்கூடிய, வராமலும் போகக்கூடிய ஒரு கேட்டைத் தடுப்பதற்காக எடுக்கிறோம். அப்படி எடுக்கும் உரிமை யாருடையது? எதன் பெயரால்?

இந்தியச் சமயங்கள் இந்தக் கேள்வியை நேராகவே எதிர்கொண்டிருக்கின்றன. அறுவை வைத்தியன் அவற்றின் நூல்களில் அடிக்கடி வருகிற ஆள். வலி தருபவனையும் நன்மை செய்பவனையும் ஒரே உருவில் பார்க்க அவனைவிடப் பொருத்தமானவன் கிடைக்கவில்லை போலும்.

பௌத்தத்தின் விடையை மஜ்ஜிம நிகாயத்தில் அபய ராஜகுமாரனோடு நடக்கும் உரையாடலில் காணலாம். இளவரசன் மடியில் ஒரு பச்சைக் குழந்தை இருக்கிறது. அது ஒரு குச்சியையோ கல்லையோ வாயில் போட்டுக்கொண்டால் என்ன செய்வாய் என்று புத்தர் கேட்கிறார். எடுத்துவிடுவேன், சுலபமாக வராவிட்டால் ஒரு கையால் தலையைப் பிடித்துக்கொண்டு மறு கை விரலை உள்ளே விட்டு, ரத்தம் வந்தாலும் எடுத்துவிடுவேன் என்கிறான் அபயன். ஏனென்றால் அந்தக் குழந்தைமேல் அவனுக்கு இரக்கம். இங்கே ரத்தத்தை நியாயப்படுத்துவது நோக்கம். எடுக்காவிட்டால் குழந்தை சாகும், ஆகவே எடுக்க வேண்டும்.

நுரையீரல் பூஞ்சைக்கு இந்த விடை பாதிதான் பொருந்தும். தொண்டையில் சிக்கிய கல்லைப் பற்றி யாருக்கும் சந்தேகம் எழாது. குழிக்குள் சும்மா கிடக்கும் பந்து அப்படியல்ல. எந்த அறிகுறியும் காட்டாமல், மாதக்கணக்கில் பார்த்தும் குழி பெரிதாகாமல் இருந்தால், அறுக்காமல் கண்காணித்து வரலாம் என்று 2016-இல் அமெரிக்கத் தொற்றுநோய் மருத்துவர் சங்கம் வெளியிட்ட வழிகாட்டுதலே சொல்கிறது. ரத்தம் கணிசமாக வருகிறவருக்கு, பந்து ஒன்றே ஒன்றாக இருந்து, உடம்பும் தாங்குமென்றால், அறுவையைப் பரிந்துரைக்கிறது. கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பதும் சில நேரம் இரக்கத்தின் வேலைதான். இன்னொரு வேறுபாடும் உண்டு. குழந்தைக்குச் சொல்லி விளங்க வைக்க முடியாது. அறுவை மேசைக்கு வருகிறவர் குழந்தையல்ல.

சமணம் இன்னும் அடிமட்டத்திலிருந்து தொடங்குகிறது. ஹைதராபாதிலிருந்து சுமார் 80 கிலோமீட்டர் தொலைவில் உள்ள கொலனுபாகவின் பழைய சமணக் கோயிலுக்கு இன்றும் யாத்திரிகர்கள் போகிறார்கள். அந்த மரபில் பூசணம் பூத்த உணவைத் தொடமாட்டார்கள், அதில் உயிர்கள் இருப்பதால். அப்படியானால் நெஞ்சுக் குழியில் வளரும் பூஞ்சையும் உயிர்தானே? ஆம், ஓரறிவு உயிர்தான். சமணம் அதை மறைப்பதில்லை. சமணத்தின் இரண்டு பிரிவினரும் ஏற்கும் உமாஸ்வாதியின் தத்துவார்த்த சூத்திரம், ஹிம்சை எது என்பதற்கு மனநிலையையும் ஒரு அளவுகோலாக வைக்கிறது. வேட்கையாலோ அலட்சியத்தாலோ உயிருக்கு ஊறு செய்வது ஹிம்சை. அந்நூலுக்குப் பூஜ்யபாதர் எழுதிய சர்வார்த்தசித்தி உரையில் வைத்தியர் வருகிறார். துறவி ஒருவரின் கட்டியைக் கருணையோடு கீறும் வைத்தியர், அவருக்கு வலி தந்தாலும் அதனாலேயே பாவத்துக்கு ஆளாவதில்லை என்கிறது உரை. வலி வெளியே நடக்கிறது, பாவம் உள்ளத்தைப் பொறுத்தது.

இது உயர்ந்த விடை. அலட்சியத்தையும் ஹிம்சை என்று சேர்த்துச் சொன்னதால் இன்றைய மருத்துவமனைக்கும் இது நெருக்கமானது. ஆனாலும் தூய உள்ளம் மட்டும் போதுமா என்று கேட்க, ஹைதராபாதின் மருத்துவ வரலாறே ஒரு பெரிய உதாரணம் தருகிறது.

1880களில் இந்த நகரில் அறுவை மருத்துவராக இருந்தவர் எட்வர்ட் லாரி. இன்றைய உஸ்மானியா மருத்துவமனைக்கு முன்னோடியான அஃப்சல்கஞ்ச் மருத்துவமனையில் வேலை செய்தார், மருத்துவப் பள்ளியையும் நடத்தினார். நெஞ்சைத் திறக்கும் அறுவைகள் அப்போது கனவு. மயக்க மருந்தே இன்னும் விவாதப் பொருள். குளோரோஃபார்மில் நோயாளிகள் திடீரென்று இறந்துபோவது ஏன் என்பதே அன்றைய பெரும் கேள்வி. மூச்சை மட்டும் விழிப்போடு கவனித்தால் போதும், இதயத்துக்கு நேரடி ஆபத்து கிடையாது என்று லாரி உறுதியாக நம்பினார். அதை நிறுவ, ஆறாம் நிஜாம் மீர் மெஹபூப் அலி கானின் ஆதரவில் 1888-இல் முதல் ஹைதராபாத் குளோரோஃபார்ம் கமிஷன் கூடியது. லண்டனின் 'லான்செட்' இதழ் அதன் முடிவை ஏற்கவில்லை. நிஜாம் 1,000 பவுண்டு கொடுத்து, இதழின் சார்பில் ஒருவரை வரவழைத்தார். வந்தவர் புகழ்பெற்ற மருந்தியல் அறிஞர் லாடர் பிரண்டன். 1889-இல் இரண்டாவது கமிஷன் நூற்றுக்கணக்கான நாய்களையும் குரங்குகளையும் மயக்கி, சாகவிட்டுப் பார்த்தது. முதலில் நிற்பது மூச்சுதான், இதயம் பின்னால்தான் என்று முடிவு கட்டியது. சந்தேகத்தோடு வந்த பிரண்டனும் மனம் மாறினார்.

அந்த முடிவு தவறு. 1911-இல் குட்மன் லெவி, குளோரோஃபார்ம் மயக்கம் மேலோட்டமாக இருக்கும்போதே இதயம் தாறுமாறாகத் துடித்து நின்றுவிடக்கூடும் என்று பூனைகளில் சோதித்துக் காட்டினார். இடைப்பட்ட இருபது வருடங்களில் ஹைதராபாதின் முடிவை நம்பி மயக்கம் கொடுத்தவர்கள் கெட்டவர்கள் அல்ல. லாரியின் அக்கறையில் கலப்படம் இல்லை, அவர் கைகளும் அலட்சியமானவை அல்ல. மூச்சைக் கவனி என்று அவர் வற்புறுத்தியது இன்றும் நல்ல பாடம். அவ்வளவு இருந்தும் அவர் இதயத்தின் ஆபத்தைக் காணத் தவறினார். கருணை உள்ள கையும் தவறலாம் என்பதை சமணத்தின் விடையோடு சேர்த்தே வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

தமிழ் பக்தி மரபு இதே கேள்வியை எதிர்ப்பக்கத்திலிருந்து, அறுக்கப்படுகிறவரின் பக்கத்திலிருந்து பார்க்கிறது. சேர மன்னராக இருந்த குலசேகராழ்வார், கேரளத்தின் வித்துவக்கோட்டுப் பெருமாளைப் பாடிய பதிகம் பெருமாள் திருமொழியில் இருக்கிறது. தன்னை விரட்டும் தாயையே நாடும் குழந்தை, கண்டவர் இகழும்படி கணவன் நடந்தாலும் அவனையே பற்றும் பெண் என்று அடுக்கிக்கொண்டே வரும் ஆழ்வார், ஓரிடத்தில் நோயாளியைக் கொண்டுவருகிறார். கத்தியால் அறுத்துத் தீயால் சுட்டாலும் மருத்துவர் மேல் தீராத அன்பு கொண்ட நோயாளி அவர். ஆண்டவன் எத்தனை துன்பம் தந்தாலும் அவன் அருளையே பார்த்திருப்பேன் என்பது பாசுரத்தின் கருத்து. வைணவ இல்லங்களில் இதைச் சொல்லி ஆறுதல் அடைந்தவர்கள் எண்ணற்றவர்கள்.

இந்தப் பாசுரத்தின் பலம், அது அறுவையின் நியாயத்தை வைத்தியரின் நோக்கத்திலும் வைக்கவில்லை, அவர் உள்ளத்தின் தூய்மையிலும் வைக்கவில்லை என்பது. அறுபடுகிறவரின் சம்மதத்தில், நம்பிக்கையில் வைக்கிறது. கத்திக்கு உரிமை கிடைப்பது அங்கிருந்துதான். நுரையீரல் அறுவைக்கு மூன்று விடைகளில் மிகவும் கிட்டத்தில் வருவதும் இதுவே.

ஆனால் ஆழ்வாரின் மருத்துவர் இறைவன். அவனிடம் பிழை கிடையாது, ஆகவே அந்த நம்பிக்கைக்கு நிபந்தனையும் தேவையில்லை. ஹைதராபாதிலோ சென்னையிலோ கையுறை போட்டு நிற்கும் மனிதர் இறைவன் அல்ல. அவரிடம் வைக்கும் நம்பிக்கையைக் கேள்வியற்ற சரணாகதியாக மாற்றச் சொல்வது, பக்திக்குரியதை இடம் மாற்றி வைப்பது. 'எல்லாம் டாக்டர் பாத்துப்பாரு' என்று கையெழுத்துப் போடுகிற குடும்பமும், 'நீங்க என்னை நம்புங்க, போதும்' என்று முடித்துவிடுகிற மருத்துவரும் இந்தக் குழப்பத்தில் பங்காளிகள். ராணுவத்தில் வாழ்ந்தவருக்கு இந்தச் சபலம் இன்னும் அதிகம் இருக்கக்கூடும். மேலதிகாரியின் தீர்ப்பில் தன் உயிரை ஒப்படைத்துப் பழகிய வாழ்க்கை அது. மருத்துவர் தருவது கட்டளையல்ல. முடிவு நோயாளியுடையது, அதைச் சரியாக எடுக்கத் தேவையான உண்மை மருத்துவர் கையில் இருக்கிறது.

அந்த உண்மை என்ன? குழியின் சுவர் மெல்லியதாகவும் சுற்றியுள்ள நுரையீரல் நன்றாகவும் இருந்தால் அது எளிய வகை, சுவர் தடித்துச் சுற்றிலும் நோய் பரவியிருந்தால் சிக்கலான வகை என்று 1960-இல் பெல்ச்சரும் பிளம்மரும் பிரித்தார்கள். இந்தப் பிரிவினை ஒரு நோயாளிக்கு வெறும் பெயர் அல்ல, பிழைப்பாரா என்பதோடு சம்பந்தப்பட்டது. 1986-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கிலிருந்து வந்த அறிக்கையில், எளிய வகையில் அறுவையை ஒட்டிய சாவு நூற்றுக்கு ஐந்து அளவில் இருந்தது, சிக்கலான வகையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. அதற்குப் பின் மயக்கமுறையும் அறுவை நுட்பமும் முன்னேறி இந்த எண்கள் வெகுவாக இறங்கியிருக்கின்றன. இரண்டு வகைக்கும் நடுவிலுள்ள இடைவெளி மட்டும் மறையவில்லை.

அறுவை அறையில் நடப்பதைத் தெரிந்துகொண்டால் காரணம் விளங்கும். மயக்கம் கொடுப்பவர் இரண்டு தனி வழிகள் உள்ள குழாயை மூச்சுக்குழாயில் இறக்கி, ரத்தம் கசியும் நுரையீரலை மற்றதிலிருந்து பிரித்து வைக்கிறார். விலா எலும்புகளுக்கு இடையே நெஞ்சைத் திறந்தால், பழைய காசநோயின் தழும்பால் நுரையீரல் நெஞ்சுச் சுவரோடு ஒட்டிக் கிடக்கிறது. அந்த ஒட்டலுக்குள்ளே புதிய ரத்தக்குழாய்கள் ஊடுருவியிருக்கின்றன. ஒவ்வொரு விரற்கடையும் பிரிக்கப் பிரிக்க ரத்தம் கசியும். குழி தப்பித் தவறித் திறந்துவிட்டால் பூஞ்சை நெஞ்சறைக்குள் சிந்தும். மடலை எடுத்த பின் மிஞ்சிய நுரையீரல் விரிந்து அந்த வெற்றிடத்தை நிரப்ப வேண்டும். நிரப்பாவிட்டால் காற்றுக் கசியும், சீழ் சேரும், நோயாளி வாரக்கணக்கில் குழாயோடு படுத்திருக்க நேரும். அதனால் சில நேரம் முதுகுத் தசையையோ நெஞ்சுத் தசையையோ திருப்பிக் கொண்டுவந்து அந்த இடத்தில் வைத்துத் தைக்கிறார்கள். மடலை எடுக்கும் அளவுக்குக்கூட நோயாளிக்கு மூச்சுத் திறன் இல்லையென்றால், குழியைத் திறந்து பந்தை மட்டும் அள்ளி எடுக்கும் சிறிய அறுவையும் உண்டு.

இத்தனையும் நோயாளிக்குச் சொல்லப்பட வேண்டியவை. 2008 ஜனவரியில் இந்திய உச்ச நீதிமன்றம், பரிசோதனைக்குக் கொடுத்த சம்மதத்தை அறுவைக்குக் கொடுத்ததாக எடுத்துக்கொள்ள முடியாது என்று தீர்ப்பளித்தது. சிகிச்சையின் தன்மை, ஆபத்து, மாற்று வழி, சிகிச்சை செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பவற்றைச் சொன்ன பிறகு பெறுவதே சம்மதம். உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாத நிலையில், மயக்கத்தில் கிடந்த நோயாளிக்காக அவருடைய தாய் கொடுத்த சம்மதம் செல்லாது என்றும் சொன்னது. பதினெட்டு வயது தாண்டிய தெளிந்த மனிதரின் உடம்பு அவருடையது, பெற்றவருடையதும் அல்ல.

இங்கே அபயனின் கதைக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது. அந்த உரையாடல் உண்மையில் வைத்தியத்தைப் பற்றியதே அல்ல. கேட்கிறவருக்குப் பிடிக்காத சொல்லை புத்தர் பேசுவாரா என்பதுதான் அபயன் கொண்டுவந்த கேள்வி. குழந்தையின் வாயிலிருந்து கல்லை எடுக்கும் காட்சியை புத்தர் அதற்கு விடையாகவே காட்டுகிறார். சொல் உண்மையாக இருக்க வேண்டும், பயன்தர வேண்டும். அப்படி இருந்தால் அது கசந்தாலும், உரிய நேரம் பார்த்துச் சொல்வார். நுரையீரல் மருத்துவரின் அறைக்கு இதைக் கொண்டுவந்தால், முதல் கீறல் நெஞ்சில் விழுவதில்லை. 'இந்த அறுவையில் நீங்கள் இறந்தும் போகலாம்' என்ற வாக்கியத்தில் விழுகிறது. அதை இரக்கத்தோடும் மறைக்காமலும் சொல்லத் தெரிந்தவரிடம்தான் குலசேகரர் பாடிய அன்பு பிழையின்றிப் போய்ச் சேரும். மூன்று மரபுகளும் தந்த விடைகள் சேர்ந்து நிற்கும் இடமும் அதுதான். நோக்கம் நல்லதாக இருக்க வேண்டும், மனம் அலட்சியமின்றி இருக்க வேண்டும், நம்பிக்கை உண்மையின் மேல் நிற்க வேண்டும்.

பேசுவதற்கே நேரமில்லாத சூழலும் வந்தது. 2021 மே மாதம், கொரோனாவின் இரண்டாம் அலையில் மியூகோர்மைக்கோசிஸ் என்னும் கறுப்புப் பூஞ்சை இந்தியா முழுவதும் பெருகியது. மே 20 அன்று தெலங்கானா அரசு அதைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது. அதே நாளில் தமிழ்நாடும் அறிவித்தது. ஹைதராபாதின் கோட்டியில் உள்ள அரசு காது மூக்கு தொண்டை மருத்துவமனை சிகிச்சையின் மையமானது, கொரோனாவும் சேர்ந்திருந்தவர்களுக்கு காந்தி மருத்துவமனை. பெரும்பாலோருக்கு மூக்கிலும் கண்ணிலும் வந்தது. சிலருக்கு நுரையீரலில். இந்தப் பூஞ்சை ஆஸ்பர்ஜில்லஸ் பந்தைப் போல ஓரிடத்தில் அடங்கிக் கிடப்பதில்லை. ரத்தக்குழாய்க்குள் புகுந்து அதை அடைக்கிறது, அதற்கப்பால் உள்ள திசு சாகிறது, செத்த திசுவுக்கு ஆம்போடெரிசின் மருந்து போய்ச் சேரும் வழியும் அடைபடுகிறது. செத்ததை வெட்டி எடுத்தால்தான் மருந்துக்கே வேலை உண்டு. காத்திருந்து பார்க்கும் வழி இங்கே கிடையாது.

பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் சர்க்கரை நோயாளிகள். பலர் ஸ்டீராய்டு எடுத்தவர்கள். கொரோனாவில் மூச்சுத் திணறியவர்களின் உயிரை டெக்சாமெத்தசோன் காக்கும் என்று 2020 ஜூனில் பிரிட்டனின் ஆய்வு நிரூபித்திருந்தது. அதே மருந்து தேவைக்கு மேல், தேவையற்றவர்களுக்கும் கொடுக்கப்பட்டபோது சர்க்கரையை ஏற்றி, எதிர்ப்புச் சக்தியைக் குறைத்துப் பூஞ்சைக்குக் கதவைத் திறந்தது. கொடுத்தவர்களின் உள்ளத்தில் இருந்தது இரக்கம்தான். ஹைதராபாதின் குளோரோஃபார்ம் காலத்தில் நடந்தது இங்கே வேறு உருவில் நடந்தது. தத்துவார்த்த சூத்திரம் அலட்சியத்தைப் பற்றிச் சொன்னதை, ஒரு மருந்துச்சீட்டு எழுதும் கையும் நினைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அறுவை மேசைக்கு வந்து சேராதவர்களைப் பற்றியும் இந்தக் கேள்வி பேச வேண்டும். உலகில் காசநோயாளிகள் அதிகம் இருக்கும் நாடு இந்தியா. ஆறு மாத மருந்து முடிந்ததும் நோயாளியின் கோப்பு மூடப்படுகிறது. சில வருடம் கழித்து இருமலும் ரத்தமும் எடை இழப்புமாக அவர் திரும்பி வரும்போது, சளியில் கிருமி இல்லாவிட்டாலும் மறுபடி காசநோய் மருந்தே தொடங்கப்படுவது உண்டு. பூஞ்சை அதற்குக் கட்டுப்படாது. காசநோயைத் தொடர்ந்து வரும் நாள்பட்ட நுரையீரல் பூஞ்சை நோயோடு உலகில் சுமார் 12 லட்சம் பேர் இருக்கலாம் என்று 2011-இல் ஒரு மதிப்பீடு வந்தது. ஆஸ்பர்ஜில்லஸுக்கு எதிரான ஐ.ஜி.ஜி. எதிர்ப்பொருளைத் தேடும் ரத்தப் பரிசோதனையும் ஒரு சி.டி. ஸ்கேனும் இருந்தால் பலரை முன்கூட்டியே கண்டுபிடிக்கலாம். சண்டிகரின் பி.ஜி.ஐ. மருத்துவர்கள் 2022-இல் வெளியிட்ட ஆய்வில், பூஞ்சைக்கு எதிரான இட்ராகோனசோல் மருந்தை ஆறு மாதத்துக்குப் பதில் ஒரு வருடம் கொடுத்தவர்களுக்கு நோய் திரும்புவது வெகுவாகக் குறைந்திருந்தது. அறுவை தாங்காதவர்களுக்கு அது பெரிய கைப்பிடி.

தாமதமாக வருகிறவருக்கு இரண்டு நுரையீரலும் கெட்டிருக்கும், அறுவை மருத்துவர் இல்லை என்று தலையசைக்க நேரும். அப்போது அவர் முடிவு சரிதான். தவறு நடந்தது பல வருடங்களுக்கு முன், மாத்திரை அட்டை முடிந்த நாளில், குழி மிஞ்சியிருப்பதை யாரும் அவரிடம் சொல்லாதபோது. மருந்து முடியும் அன்று ஒரு நெஞ்சு எக்ஸ்ரே எடுப்பதும், குழி தெரிந்தால் 'இனி இருமலில் ரத்தம் வந்தால் ஒரு நாளும் தாமதிக்காமல் வந்துவிடுங்கள்' என்று அவருக்குப் புரியும் மொழியில் சொல்லி எழுதிக் கொடுப்பதும் பெரிய மருத்துவமனை இல்லாமலேயே செய்யக்கூடியவை.